சாம்பிராணி போட்ட லேப்டாப்

ஜனவரி 2

கருப்பட்டி,

நாம் போட்டோ பிரிண்ட் போடுகிற கலர் லேப்காரர்கள் இந்த வருஷமும் உங்கள் பெயருக்கு டைரி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் தங்க எழுத்தில் ‘திரு. சொர்ணபாண்டி அவர்கள்’ என்று போட்டிருக்கிறது. செத்துப்போனவருக்கு எதுக்குய்யா டைரி என்று கூரியர்காரரிடம் கேட்டேன். “கையெழுத்து மட்டும் போடுங்கம்மா” என்றார். போட்டேன்.

சும்மா கிடக்கிற தாளை வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கொம்பும் காலும் முன்னே பின்னே இருக்கும். நீங்கள் திருத்த வரப்போவதில்லை.

வெளியே நாலு பேர் இருக்கும்போது உங்களை ‘இங்க பாருங்க’ என்றுதான் கூப்பிடுவேன். கருப்பட்டி என்பது வீட்டுக்குள் மட்டும். நிறமும் அப்படி, குணமும் அப்படி. சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கருப்பட்டி என்று பேர் வைத்த ஒரே பொம்பளை நீதான் என்று சிரிப்பீர்கள்.

வீட்டுச் சேதி சொல்கிறேன். ஸ்டூடியோ அடைத்துத்தான் கிடக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூசை கழிந்து நீங்கள் போனீர்கள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் லைட் பிடிக்க என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? இப்போது மக்ரூன் கடையில் பொட்டலம் போடுகிறேன். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சேலை முழுக்க சீனியும் முந்திரியும் மணக்கிறது. ஆனால் ஒரு மக்ரூன்கூட நான் வாயில் போடுவதில்லை. பல் கூசுகிறது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. போகிறேன்.

ஜனவரி 4

தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். பாத்திரக்கடை அண்ணாச்சிதான். கூடவே மகள் சுபாஷினி. வாசலிலேயே நின்று இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான், “உள்ள வாங்க, வெளிய நின்னா உப்புக்காத்துல துருப்பிடிச்சிருவிய” என்றேன்.

“தங்கச்சி, கேக்கக் கூடாதுன்னுதான் இத்தன நாளும் வாய மூடிட்டு இருந்தேன்” என்றார் அண்ணாச்சி. “துக்க வீட்டுல போயி கல்யாண வீடியோவக் கேட்டா அவன் மனுசனா? ஆனா இவ மாசக் கடைசில சார்ஜா போறா. விசா வந்துட்டு.”

“போட்டோ ஆல்பம்லாம் இருக்கு அத்தை” என்றாள் சுபாஷினி. “வீடியோதான் இல்ல. எங்கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. தலையக் குனி, தலையக் குனின்னு குனிய வச்சுட்டாவ. நான் பாத்தது பூரா ஆளுக காலுதான்.”

பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அந்த வீடியோ உங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக நீங்கள் அழித்துவிட்டீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அவள் கல்யாணம் கிடையாது. ஒரு வாரம் பொறுங்கள், தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. முட்டி வீங்கிக் கிடந்தேன். யாரோ ஒரு ஆளை லைட் பிடிக்க வைத்துச் சமாளித்தீர்கள். வரும்போது எனக்கு ஒரு ஜாங்கிரி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தீர்கள். நான் தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். ஒரு விள்ளல் கேட்டீர்கள். சுகர் ஏறிக் கிடக்கிற நேரத்தில் ஜாங்கிரியா என்று நான் தரவில்லை. அதுக்கப்புறம் இரண்டு மாசம்கூட நீங்கள் இருக்கவில்லை.

சரி, அதை விடுங்கள்.

ஊரையெல்லாம் வீடியோ எடுத்தீர்கள். உங்களை யாரும் எடுக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று நீங்கள் பேசுகிற பேச்சையும் எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிட்டு நாதஸ்வரம் போட்டுவிடுவீர்கள். “அவுக கல்யாணத்துல நம்ம தொண்ட எதுக்கு?” என்பீர்கள். சுபாஷினி கல்யாணம் ஒன்றுதான் வெட்டாமல் கிடக்கிறது.

அதற்காக நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 5

லேப்டாப்பைச் சாமி அலமாரியிலிருந்து இறக்கி, மாலையைக் கழற்றி, சார்ஜரில் போட்டேன். பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. அலமாரியில் காமாட்சி விளக்குதான் எரிகிறது.

ஜனவரி 6

பாளையங்கோட்டை ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பது ஒரு பெண். பேர் ஜெசிந்தா. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். குரல் மீன் ஏலத்துக்குப் போகலாம்.

“விட்டுட்டுப் போங்கக்கா. ஒரு வாரங்கழிச்சு வாங்க.”

“விட மாட்டேன்” என்றேன்.

“இத்தன பேரு லேப்டாப்பும் இங்கதான கெடக்கு? நான் என்ன தின்னுருவேனா?”

“இத விட்டுட்டுப் போனா எனக்கு வீட்டுல ஜோலி ஓடாது.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப இங்கன உக்காருங்க. ஆனா நொய் நொய்யினு கேள்வி கேக்கக் கூடாது.”

உட்கார்ந்தேன். அவள் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, அடி மூடியை நகத்தால் நெம்பித் தூக்கினாள்.

“யேசுவே” என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பொல்லென்று விபூதி.

“எக்கா, இது லேப்டாப்பா, பழனி மலையா?”

நான் என்ன சொல்ல? நமக்குச் சோறு போட்ட பொருள் என்று உங்கள் போட்டோவுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தேன். தினமும் ஒரு சிட்டிகை விபூதி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஆயுத பூசைக்கு நீங்கள் மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைப்பீர்கள். நீங்கள் இல்லையே என்று நான் பொத்தானுக்குப் பொத்தான் வைத்தேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது நாலு சொட்டு சிந்தியிருக்கும். அவ்வளவுதானே செய்தேன்?

ஜெசிந்தா சின்ன பிரஷ்ஷால் கிளறக் கிளற, காய்ந்த செவ்வந்தி இதழ் வந்தது. உதிர்ந்த அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எறும்பு முட்டை. முட்டைக்குப் பின்னாலேயே எறும்பும் வந்தது, குடும்பத்தோடு.

“எறும்பு எப்படிக்கா உள்ள போச்சு?”

“அமாவாசைக்கு அமாவாசை கருப்பட்டிக் காப்பி வைப்பேன்.”

“லேப்டாப்புக்கா!”

“ஏட்டி, அவுகளுக்கு. இது பக்கத்துல இருக்கும்.”

சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. வயிறு வலித்தது. ரொம்ப நாள் கழித்து வந்த வலி, நல்ல வலி.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஒரு சின்னக் காற்றாடியைக் காட்டினாள். “இதுதான் ஃபேன். சூடு இது வழியாத்தான் வெளிய போவும். இதுக்கு மூக்கு மாதிரி. நீங்க மூக்குல விபூதியத் திணிச்சு எண்ணெய ஊத்திக் கொழச்சிருக்கிய. நல்லவேள, ஓடல. ஓடியிருந்தா உள்ள வெந்திருக்கும்.”

நெற்றிக்கு வைக்க வேண்டியதை மூக்கில் வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அடுத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை உருவி எடுத்தாள். ஹார்டு டிஸ்க். வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கிறதாம். அதை மட்டும் அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. “இதுதாங்க்கா பயமா இருக்கு. யோசிச்சுத்தான் கை வைக்கணும். அவசரப்பட்டா உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்.”

ஜனவரி 7

உங்கள் தம்பி வேம்புராஜ் வந்தார். “இன்னும் அந்தச் சவத்தக் கட்டிக்கிட்டு அழுதியளா மைனி? பழைய இரும்புக்காரன்ட்ட போடுங்க” என்றார். தோசை கொடுத்து அனுப்பினேன். சட்னி கொடுக்கவில்லை.

ஜனவரி 8

மக்ரூன் கடை முடிந்து நேரே ஜெசிந்தா கடைக்குப் போனேன். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே லேப்டாப்போடு பழைய இட்லித் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று முன்தினம் அவள் கழற்றிய திருகாணிகளையெல்லாம் ஒரே டப்பா மூடியில் போட்டு வைத்திருந்தாள், குட்டை நெட்டை கலந்து. இப்போது லேப்டாப்பின் அடி மூடியில் கழற்றினது ஒரு குழி, ஃபேனில் கழற்றினது ஒரு குழி. “இத்தன வருசம் இது தோணலையே எக்கா” என்று ஒரு குத்து விட்டாள். தோளில் இன்னும் வலிக்கிறது.

அவள் மேசை விளக்கு கழுத்து ஒடிந்து தொங்குகிறது. நான் டார்ச்சை வாங்கிக்கொண்டேன். அவள் வலது கையால் வேலை செய்கிறாள், நான் இடது பக்கம் நின்று பிடித்தேன். கை நிழல் வேலைமேல் விழக் கூடாதே.

“எக்கா, எங்க படிச்சிய இத?”

“ஏழாயிரம் பண்ணையிலிருந்து ஏரல் வரைக்கும் எல்லாக் கல்யாணத்துலயும்” என்றேன்.

கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்னவளே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள்.

பச்சைப் பலகை ஒன்று பெரிதாக இருக்கிறது. அதுதான் மதர்போர்டு. மொட்டை மாடியிலிருந்து ஊரைப் பார்த்த மாதிரி ரோடும் சந்தும் தொட்டியும் குட்டியுமாக இருக்கிறது. எல்லாரும் அதில்தான் குடியிருக்கிறார்கள். சார்ஜர் குத்துகிற ஓட்டைப் பக்கம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. கரண்டு உள்ளே வராததற்கு அதுதான் காரணமாம்.

பலகை நடுவில் பிராசசர். கல்யாண மண்டபத்துத் தலைமைச் சமையல்காரர் மாதிரி. எல்லா வேலையும் அவர் தலையில்தான். அதனால் சூடாகிவிடுவார். தலைமேல் ஒரு செம்புக் குழாய் போட்டு, அந்தச் சூட்டை ஃபேனுக்குக் கடத்துகிறார்கள். குழாய்க்கும் அவருக்கும் நடுவில் ஒரு பசை தடவ வேண்டுமாம். பழைய பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. ஜெசிந்தா புதுசாக ஒரு பொட்டு வைத்தாள். பார்த்தால் அப்படியே சந்தனம்!

“பாத்தியாட்டி, சந்தனம் வைக்கிற எடமும் இருக்கு.”

“இருக்கு எக்கா. நீங்கதான் வழி தெரியாம வாசல்ல வச்சுட்டிய.”

ராம் என்று நாக்கு மாதிரி ஒரு பட்டை. அது அடுப்பு மேடையாம். சமைக்கும்போது வேண்டிய சாமானை எடுத்து வைக்கிற இடம். அடுப்பை அணைத்ததும் மேடையைத் துடைத்துவிடுவார்கள். ஹார்டு டிஸ்க்தான் அரங்கு, சாமான் சேர்த்து வைக்கிற உள்ளறை. அடுப்பு அணைந்தாலும் அரங்கில் வைத்தது அப்படியே இருக்கும். அந்த டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுமாம், அதன்மேல் ஒரு முள் தொடாமல் ஓடுமாம். தொட்டால் போச்சு. ஒரு விபூதித் தூள் உள்ளே விழுந்தால் ரோட்டில் பாறை விழுந்த மாதிரியாம். நல்லவேளை, அதை இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். என் பக்தி அதுவரை எட்டவில்லை.

பேட்டரி பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. அதை எடுத்துத் தனியாக மணல் வாளியில் வைத்துவிட்டாள். வெடித்தாலும் வெடிக்குமாம். பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 10

இன்று திரை எரிந்தது!

முதலில் சார்ஜர் ஓட்டையை மாற்றினாள். பொத்தான் பக்கத்தில் குட்டி விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. ஆனால் திரை இருட்டு. ஜெசிந்தா ராமைக் கழற்றி, அதன் ஓரத்துத் தங்கப் பற்களைக் காட்டினாள். கறுத்துக் கிடந்தன. மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாசனை ரப்பரை எடுத்து அதைத் தேய்த்தாள். இவ்வளவு பெரிய சாமானுக்கு ரப்பரா என்று நினைத்தேன். தேய்த்து மாட்டி அமுக்கினதும் நீலமாக வந்துவிட்டது. ராமிலிருந்து ஸ்ட்ராபெரி வாசம் வருகிறது.

திரையில் இங்கிலீஷில் என்னென்னவோ ஓடியது. ஓரத்தில் தேதி. எண் எனக்குப் படிக்கத் தெரியுமே. பல வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒன்றாம் தேதி காட்டியது.

“உள்ள ஒரு பொட்டு பேட்டரி இருக்கு எக்கா, சட்ட பட்டன் மாதிரி. கரண்டு இல்லாட்டியும் நாள் கணக்கு வச்சிக்கிடுறது அதுதான். அது செத்துட்டு. அதனால இதுக்கு நடுவுல நடந்தது ஒண்ணும் தெரியல. தேதிய மாத்திரட்டா?”

நான் டார்ச்சை அணைத்தேன். கண்ணில் தூசி.

“இன்னைக்கு வேண்டாம்ட்டி” என்றேன். “ஒரு நாளு அப்படியே கெடக்கட்டும்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேள்வி கேட்கக் கூடாது என்கிற சட்டம் அவளுக்கும் உண்டுபோல.

டிஸ்க்தான் இன்னும் டிக் டிக். “டிஸ்க் வராம மத்ததச் சரி பண்ணி என்னக்கா செய்ய?” என்றாள். “வீடு சுத்தமா இருந்தாத்தான ஆளு வரும்” என்றேன். ஸ்பீக்கரையும் பார்க்கச் சொன்னேன். கட்டை விரல் அளவில் இரண்டு பக்கமும் இரண்டு இருக்கிறது. ஒன்றில் எறும்பு ஓட்டை போட்டிருக்கிறது.

“வீடியோவக் காப்பி பண்ணிக் குடுக்க ஸ்பீக்கரு எதுக்கு? அவுக பாட்டு போட்டுத்தான பாக்கப் போறாவ?”

“சுபாஷினிக்கு மேளச் சத்தம் கேக்கணும்லா” என்றேன். “மாத்து.”

மாற்றினாள்.

ஜனவரி 13

நாளைக்குப் போகி. எதிர்வீட்டு மைனி எரிக்கப் பழசு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். பாயைக் கொடுத்தேன். உங்கள் செருப்பைக் கேட்டாள். அது பழசு இல்லை என்றேன். கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

ஜனவரி 15

பொங்கல். பால் வடக்கே பொங்கியது. பனங்கிழங்கு அவித்தேன். உங்கள் படத்துக்குக் கரும்பும் மஞ்சள் குலையும் வைத்தேன். லேப்டாப் ஜெசிந்தா கடையில் பத்திரமாக இருக்கிறது. ஆமாம், விட்டுவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லும்போது, “ராத்திரிக்குச் சோறு ஊட்டி விடட்டுமா?” என்று கேட்டாள், பேய்.

சர்க்கரைப் பொங்கலைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். நான் வெண்பொங்கல். பல்தான்.

மத்தியானம் ஜெசிந்தா போன் பண்ணினாள். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம்.

“எக்கா! பொங்கப் பானையத் தேச்சிக்கிட்டு இருக்கேன். அடியில கரி போவ மாட்டேங்குது. தேக்கத் தேக்க ஒண்ணு தோணிச்சு. அந்த டிஸ்க்குக்கு வயித்துல ஒரு குட்டிப் பலக இருக்கும். அதுக்கு அடியில தொடுற எடம் இருக்கும். உப்புக்காத்தும் ஒங்க சாம்பிராணியும் சேந்து அது கறுத்துப் போயி, தொடாம இருந்தா? தட்டு நல்லாத்தான் இருக்கும், ஆனா அது சொல்லுதது பலகைக்கு வந்து சேராது.”

“அப்ப ரப்பரா?”

“ரப்பர்தான். ஆனா சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். தப்புனா தப்புனதுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்கிறேன் என்றேன். இப்போதுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது வராவிட்டால் அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பேன்? ஒரு வாரம் என்று சொன்னது ஏற்கனவே தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளை வேறு கால்களை மட்டும் பார்த்த கல்யாணத்தோடு விமானம் ஏறும்.

அப்புறம் வேறொன்றும் இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

ஜனவரி 18

தேய்த்துவிடு என்று சொல்லிவிட்டேன்.

டிஸ்க்கைக் கவிழ்த்தால் அந்தக் குட்டிப் பலகை. அதன் திருகாணிகள் எள்ளு மாதிரி இருந்தன. இட்லிக் குழியில் போட்டால் கண்ணுக்கே தெரியவில்லை. பலகையைத் தூக்கினால், அவள் சொன்ன மாதிரியே, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். விளக்காத வெண்கல விளக்கு மாதிரி கறுத்திருந்தன.

நான் லைட் பிடித்தேன். முட்டி விண்ணென்று தெறித்தது. கையை ஆட்டவில்லை.

“மேல எக்கா. இன்னுங் கொஞ்சம். போதும்.”

கருப்பட்டி, அந்த மூன்று சொல்லையும் எத்தனை வருஷம் உங்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

அவள் தேய்த்தாள், ஊதினாள், துடைத்தாள், மாட்டினாள். பொத்தானை அமுக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் திருச்செந்தூர் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். சாமிகள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்கட்டுமே.

டிக் இல்லை. மெல்ல ஒரு ரீங்காரம். நீங்கள் மத்தியானம் தூங்கும்போது மூக்கில் வருமே, அதே சத்தம்.

“வந்துட்டு எக்கா! வந்துட்டு!” என்று ஜெசிந்தா கத்தினதில் பக்கத்து டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு டீ சொன்னோம்.

சுபாஷினி கல்யாணம் முழுசாக இருக்கிறது. உடனே பார்க்கட்டுமா என்று கேட்டாள். முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடு என்றேன். அப்புறம், கல்யாணப் பொண்ணு பார்க்கும் முன் நாம் பார்ப்பது முறையில்லை என்றேன். நாளைக் கழித்து அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.

பொறுத்துக்கொள்வேன். இவ்வளவு நாள் பொறுத்தேன்.

ஜனவரி 19

எறும்பு மருந்து வாங்கினேன். சாமி அலமாரியைக் கழுவினேன். வேறு வேலை ஓடவில்லை.

ஜனவரி 20

எங்கிருந்து ஆரம்பிக்க?

கடையில் நான், ஜெசிந்தா, சுபாஷினி, தங்கப்பழம் அண்ணாச்சி. டீக்கடைக்காரரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார், அவருக்கும் பங்கு உண்டு என்று. லேப்டாப் மேசைமேல் இருந்தது, விபூதி இல்லாமல், பொட்டு இல்லாமல், துடைத்த முகத்தோடு. ஜெசிந்தா அமுக்கினாள்.

மேடை வந்தது. மாப்பிள்ளை வந்தார். அடுத்தது நீங்கள் வந்தீர்கள்.

“மாப்பிள்ள, போலீஸ் ஸ்டேசன்ல நிக்க மாதிரி நிக்காதிய. ஒங்களுக்குக் கல்யாணம்தான், கேஸு இல்ல.”

சுபாஷினி பொத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி சிரித்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல் அளவு. அதற்குள் எப்படி உங்கள் தொண்டை கொள்கிறது?

“பொண்ணு, தலையத் தூக்கும்மா. தரையில என்ன ரூவாயா கெடக்கு?”

“அத்தை, மாமா சொல்லியிருக்காவ, எனக்குத்தான் கேக்கல!” என்று சுபாஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடையிடையே அந்த லைட்காரனிடம், “மேல... இன்னுங் கொஞ்சம்... போதும்.” ஓரிடத்தில் அவன் என்னத்தையோ சொதப்ப, “எம்பொஞ்சாதியா இருந்தா சொல்லவே வேண்டாம்டே” என்றீர்கள். என்னிடம் ஒரு நாளாவது அதைச் சொல்லியிருக்கிறீர்களா நீங்கள்?

தாலி கட்டி முடிந்து பந்தி. கேமராவை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டீர்கள்போல. திரையில் ஒரு வாழை இலையின் ஓரமும் தண்ணீர் டம்ளரும் மட்டும் தெரிந்தன. ஜெசிந்தா தள்ளிவிடப் போனாள். கையைத் தட்டிவிட்டேன்.

பந்தி பரிமாறுகிற யாரோ கேட்கிறார். “என்ன ஸ்டூடியோக்காரரே, வீட்டுல வரலையா?”

“முட்டி வலி வே. படுத்துக் கெடக்கா. அவளுக்கு ரெண்டு ஜாங்கிரி மடிச்சுத் தாரும். ஜாங்கிரின்னா அவளுக்கு உசுரு.”

“ஒமக்கு எலையில வைக்கட்டா?”

“வைக்காதியும். டாக்டரு என் நாக்குக்குப் பூட்டு போட்டிருக்காரு. சாவி எம்பொஞ்சாதிட்ட இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், திரையிலும் கடையிலும். அண்ணாச்சி, “சாவி தங்கச்சிட்டயா?” என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேமராவைத் தூக்கி லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டீர்கள். திரை கறுப்பு. ஆனால் சத்தம் ஓடுகிறது. நடக்கிற சத்தம். மேளம் தூரமாகப் போகிறது. காகிதம் சரசரவென்கிறது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள்! தூக்கத்தில்கூடப் பேசுகிற மனுஷன்!

அப்புறம் ஒரே ஒரு “ம்ம்ம்”. மத்தியானத் தூக்கத்தில் வருகிற ம்ம்ம் இல்லை அது. எனக்குத் தெரியும்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். ஜெசிந்தா பயந்துபோய், “எக்கா, எக்கா” என்றாள். கண்ணிலும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை. இது நமக்குள்.

சுபாஷினி எடிட்டிங் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெட்டவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், மாமா பேசுவது அப்படியே இருக்கட்டும், சார்ஜாவில் வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷன் என்று கூப்பிடப் போகிறேன் என்றாள். ஆக நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். விசா இல்லாமல்.

ஜெசிந்தா லேப்டாப்பில் தேதியை மாற்றிவிட்டாள். மாற்றச் சொன்னது நான்தான். திங்கள்கிழமையிலிருந்து மக்ரூன் கடை முடிந்து அங்கே வரச் சொல்கிறாள். மேசை விளக்கை இனிமேல் சரிபண்ணப் போவதில்லையாம். “விளக்கு வாயாடாது, நீங்க வாயாடுதிய” என்கிறாள்.

வரும் வழியில் மிட்டாய்க்கடையில் இரண்டு ஜாங்கிரி வாங்கினேன். ஒன்று உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கிறது. லேப்டாப் அடுத்த அறையில் பீரோமேல் இருக்கிறது, எறும்புக்கு எட்டாமல். இன்னொன்றை நான் தின்றேன். முழுசாக, விரலையும் சப்பிவிட்டு. பல் கூசவே இல்லை.

இப்போது நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கருப்பட்டி. மண்டபத்தில் மடித்துக் கொடுத்தது இரண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தது ஒன்றுதான். அந்த இன்னொரு ஜாங்கிரி எங்கே போயிற்று?